செத்துப்போச்சென்று நீங்கள் சொன்ன எஞ்சின்

அத்தான்,

இன்று காலை கொட்டாரம் சந்திப்பில் ஒரு வாடகைக் கார் கிளம்ப மறுத்து இருமிக்கொண்டிருந்தது. இரண்டு இருமல், பிறகு ஒரு வெடி, புகைக்குழாயிலிருந்து கறுப்பாக ஒரு மூச்சு. டிரைவர் வியர்வை சொட்ட முன்னால் நின்று ஹாண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். தம்பி பெண்டாட்டி என்ற முறையில் நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அன்று பேசாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் தம்பி அந்தக் காரை வாங்கியது சுதந்திரம் கிடைத்த வருஷம். யுத்தத்துக்கு முந்தைய சின்னக் கார். நான்கு சிலிண்டர், பெட்ரோல் எஞ்சின். வால்வுகள் தலைக்கு மேலே இல்லாமல் பக்கத்தில் இருக்கும். தண்ணீரைச் சுற்றவிட பம்பு கிடையாது. சூடான தண்ணீர் தானே மேலேறும், ஆறினது தானே கீழிறங்கும். வேகமும் இழுவையும் குறைவு என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் ரேஷனில் கிடைத்த மட்டமான பெட்ரோலைக்கூட அது முகம் சுளிக்காமல் குடித்தது. மழையில் நனைந்தாலும், உப்புக்காற்றில் நின்றாலும், ஹாண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். அதன் பலவீனம் இரண்டே. ஏற்றத்தில் ஆளை அதிகம் ஏற்றினால் கொதிக்கும். எண்ணெய் குறைந்தால் பேரிங்கில் பூசியிருக்கும் ஈயம் உருகும். இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் நம்மைக் கைவிடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அதைத் திறப்போம். அவர் கரியைச் சுரண்டுவார், நான் வால்வுகளைப் பசை தடவித் தேய்ப்பேன். ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் பிளக் வயர்களில் இரண்டை மாற்றி மாட்டிவிட்டோம். அப்போது அது இருமின இருமலைக் கேட்டு அவர் வண்டியில் சாய்ந்து சிரித்தார். "பாவம், எது மொதல்ல எது பொறவுண்ணு அதுக்குத் தெரியல்லட்டி" என்றார். வயர்களைச் சரியாக மாட்டினதும் பழையபடி பிடித்துக்கொண்டது.

மறுவருஷம் காய்ச்சலில் அவர் போய்விட்டார். கைக்குழந்தையோடு நான் உள்ளறையில் இருந்தேன். காரியங்கள் முடிந்த கையோடு நீங்கள் ஊர்ப் பெரியவர்களை முற்றத்துக்குக் கூட்டிவந்து வண்டியைக் கிளப்பிக் காட்டினீர்கள். இரண்டு இருமல், ஒரு வெடி.

"எஞ்சின் செத்துப்போச்சு. இரும்புக்குக்கூட ஒருத்தனும் எடுக்கமாட்டான். பாவம், இவ இத வெச்சு என்ன செய்வா? நான் கொண்டுபோயி ஒரு மூலையில போடுகேன்" என்றீர்கள்.

நான் கதவைத் தாண்டி வெளியே வந்தேன். புருஷன் செத்த வீட்டில் பெண் அப்படி வரக்கூடாது என்று எனக்குத் தெரியும். "எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல அத்தான். வயரு மாறிக் கெடக்கு. ஒருக்கா தெறந்து பாருங்க" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. பெரியவர்களைப் பார்த்துச் சொன்னீர்கள்: "சங்கடத்துல என்னமோ சொல்லுகா." பிறகுதான் என் பக்கம் திரும்பினீர்கள். "ஏட்டி, உள்ள போ."

போனேன். நாலு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தத்தை உள்ளே இருந்து கேட்டேன். அந்த மாதம் முடியும் முன்பே அதே வண்டி கொட்டாரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ஆளேற்றிக்கொண்டு போவதைப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் நீங்கள். பெரியவர்களிடம் போய்க் கேட்டேன். உன் அத்தான் செலவழித்துச் சரிசெய்திருப்பான், குடும்பத்துக்குள் எதற்கு வழக்கு என்றார்கள்.

நான் துணி தைத்துப் பிள்ளையை வளர்த்தேன். நீங்கள் என் வாசலைக் கடக்கும்போது ஹாரன் அடிப்பீர்கள். எஞ்சின் மட்டும் எனக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டே போகும். முதல் வருஷம் சுத்தமான சத்தம். பிறகு வால்வு தேய்க்காத மூச்சிரைப்பு. அதன் பிறகு அடியிலிருந்து ஒரு தட்டல். எண்ணெய் பார்க்காமல் ஓட்டுகிறீர்கள் என்று தையல் மெஷினில் இருந்தபடியே தெரிந்துகொண்டேன். தடுக்க நான் வரவில்லை. காத்திருந்தேன்.

ஒரு ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனபோது பேரிங் உருகி வண்டி நின்றது. இந்தமுறை உண்மையாகவே. நீங்கள் அதை வழியிலேயே விற்றீர்கள். வாங்கியது என் அண்ணன் என்பதும், அவன் எனக்காக வாங்கினான் என்பதும் உங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் ஈயம் புதிதாக ஊற்றி, சிலிண்டர்களைக் கடைந்து, பிஸ்டன் மாற்றினார்கள். "பிளாக்குல ஒரு கீறல்கூட இல்லம்மா. இவ்வளவு கொடுமையையும் தாங்கியிருக்கு" என்றார் பட்டறைக்காரர். நான் கார் ஓட்டப் படித்தேன், லைசென்சும் எடுத்தேன். கொட்டாரம் சந்திப்பில், நீங்கள் புதிதாக வாங்கிய பெரிய காருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினேன்.

"தாலியறுத்தவ ஓட்டுற வண்டியில யாரு ஏறுவா?" என்று என் காதில் விழும்படி சொன்னீர்கள். முதலில் யாரும் ஏறவில்லை. பிறகு பேறுகாலத்துக்குப் போகிற பெண்கள் ஏறினார்கள், வழியில் நிற்காத வண்டி என்பதால். அப்புறம் எல்லோரும் ஏறினார்கள்.

உங்கள் மகள் பகவதியின் கல்யாணம் திருவட்டாற்றில். எனக்கு அழைப்பு இல்லை. அன்று காலை ஒரு சவாரியை எடுத்துவர நான் காலி வண்டியோடு அந்த வழியாகத்தான் போனேன். தக்கலை தாண்டினதும் உங்கள் பெரிய கார் பானட் திறந்தபடி ஓரத்தில் நின்றது, நீங்கள் அதற்குள் குனிந்திருந்தீர்கள். கல்யாணப் புடவையில் பகவதி, அவள் அம்மாவான மைனி, ஒரு அத்தை. சொந்தக்காரர்களின் பஸ் முன்னாலேயே போய்விட்டிருந்தது. நான் நிறுத்தினேன்.

மைனி தயங்கினார். முகூர்த்தத்துக்குப் போகிற பெண் ஒரு விதவையின் வண்டியில் ஏறுவதா என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. பகவதிதான் கதவைத் திறந்தாள்.

"சித்தி, நான் ஏறுகேன்" என்றாள்.

மூன்று பேரும் பின்னால் உட்கார்ந்தார்கள். சீர்த்தட்டை வாங்கி என் பக்கத்துச் சீட்டில் வைத்தேன். நீங்கள் சுற்றி வந்து முன்கதவில் கை வைத்தீர்கள்.

"இந்த எஞ்சின் செத்துப்போச்சுண்ணு நீங்கதானே சொன்னிய, அத்தான்" என்றேன். "செத்த வண்டியில நீங்க ஏறலாமா?"

உங்கள் கை கதவிலேயே இருந்தது. பகவதி குனிந்துகொண்டாள். நான் கியரைப் போட்டேன். கை தானாக எடுபட்டது.

முகூர்த்தத்துக்கு முன்பே அவர்களைச் சேர்த்துவிட்டேன். தாரை வார்க்கும் இடத்தில் உங்களுக்குப் பதில் உங்கள் மைத்துனர் நின்றார். மாட்டுவண்டி பிடித்து நீங்கள் வந்து சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்களாம். நான் அதற்குள் என் சவாரியோடு திரும்பிவிட்டேன். வழியெல்லாம் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. நல்ல பசி எடுத்தது. வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு நீங்கள் என்னோடு பேசவே இல்லை, கடைசிப் படுக்கையில் ஆளனுப்பிக் கூப்பிட்டது வரைக்கும். முற்றத்தில் நடந்ததற்கு ஏதாவது சொல்வீர்கள் என்று நினைத்து வந்தேன். மெலிந்து கட்டிலோடு ஒட்டிக் கிடந்தீர்கள். மைனி வெளியே போகும்வரை காத்திருந்து கேட்டீர்கள்.

"ஏட்டி, அண்ணைக்கு வண்டியில எனக்கு எடம் இல்லல்லா?"

இல்லை, சீர்த்தட்டு இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பொய்தான் நீங்கள் என்னிடம் கேட்டது.

"இருந்து, அத்தான். தட்ட மடியில வெச்சிருந்தா நல்லா உக்காந்திருக்கலாம்" என்றேன்.

நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். திரும்பின அந்த முதுகை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். மன்னித்துவிடு, மனசு லேசாகும் என்று பகவதிகூட சொல்லிப் பார்த்துவிட்டாள். எனக்கு அது பாரமாகவே இல்லை, அத்தான்.