நரம்பு சரியில்லை

நவம்பர் 4, செவ்வாய்

காலை ஆறரை. நண்டு நடை: 92.

தொண்ணூற்றிரண்டு! மார்ச் எட்டாம் தேதி நாற்பதில் தொடங்கியவள் நான். போனில் நிமிஷத்துக்கு இத்தனை என்று டக் டக் தட்டும் மெட்ரோனோமை வைத்துக்கொண்டு, ஒரு தட்டுக்கு ஒரு விரலாக, ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு என்று கிட்டாரில் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு நகர வேண்டும். விரல்கள் பக்கவாட்டில் ஊர்வதால் வாத்தியார் வைத்த பெயர் நண்டு நடை. வாத்தியார் என்றால் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் அதே கடையின் மாடியில் வகுப்பு. கம்பி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "கம்பி ஜன்னல்ல இருக்கு மேடம். இது நரம்பு" என்பார். எனக்கு நரம்பு என்றால் ஊசி குத்துகிற இடம். இருபத்திரண்டு வருஷமாக லேபில் ரத்தம் எடுக்கிறேன். அதைச் சொன்னேன், சிரித்தார்.

எட்டு மாதம் ஆகியும் ஒரு பாட்டுகூட வேண்டாம் என்கிறேனே என்று குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். இவர் வழக்கம்போல என்னை ஓட்டினார். எட்டு மாதமாக நாலு விரலைத் தாண்டாத உலகத்தின் ஒரே கிட்டார் கலைஞி நான்தானாம். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். எல்லோருக்கும் அது என் பொழுதுபோக்கு.

இந்த நோட்டுக்கு மட்டும் உண்மை தெரியட்டும். எனக்கு இசை ஆசை ஒன்றும் கிடையாது. அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயதில் நடுக்குவாதம் ஆரம்பித்தது. முதலில் சட்டைப் பித்தான் போட நேரமாயிற்று. பிறகு எழுத்து. இருபத்தைந்து வருஷம் கரும்பலகையில் பெரிது பெரிதாக எழுதிய மனுஷன். எழுத்து சிறுத்துச் சிறுத்து எறும்பாகிப் போனது. கடைசி வரிசைப் பிள்ளைகள் தெரியவில்லை என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. கை நடுக்கம் அதற்கப்புறம் வந்தது. விரல்கள் முன்னாலேயே மெதுவாகியிருக்கும், யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டீர்கள் என்றார் டாக்டர்.

அளந்து பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கிட்டார் வாங்கினேன். ஜனவரி இருபதாம் தேதி எனக்கு நாற்பத்தெட்டு. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது, தப்பித்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே எல்லோரும் சொல்வார்கள், பெரியவளுக்கு அப்பாவின் மூக்கு, சின்னவளுக்கு அப்பாவின் கை என்று.

நவம்பர் 13, வியாழன்

89. சளி. தலை பாரம்.

இவர் கதவருகே நின்று கேட்டுவிட்டு, "என்ன, நேத்தைவிட நிதானமா இருக்கு?" என்றார். சும்மாதான் கேட்டார். இவர் காதுக்கே தெரிகிறதென்றால்?

கிட்டாரையும் எண் எழுதும் நோட்டையும் துணி உலர்த்தும் பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டேன். மழை பிடித்துக்கொண்டதிலிருந்து அங்கே கொடி நிறைய ஈரத்துணி. யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். கதவைச் சாத்தினால் சத்தமும் வராது.

நவம்பர் 24, திங்கள்

84. மழை விட்டபாடில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

79.

சளி போய்ப் பத்து நாளாகிறது. இனி அதன்மேல் பழிபோட முடியாது.

இன்று லேபில் ஒரு பெரியவருக்கு இரண்டு தடவை குத்தினேன். நரம்பு கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, ரப்பர் பட்டை கட்டியதும் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அப்படியும் தவறிவிட்டது. அவர் பரவாயில்லம்மா என்றார். மூன்றாவது தடவை குத்தாமல் பக்கத்து மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாளா, கையைப் பார்த்தாளா? கையைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லையா? நடந்திருக்கிறது. எத்தனையோ தடவை. அப்போதெல்லாம் நான் எண்ணவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை. லேபில் வேலை என்று செய்தி அனுப்பினேன். வாத்தியார் முன்னால் 79 வாசிக்க என்னால் முடியாது.

டிசம்பர் 14, ஞாயிறு

74.

'அப்பா' என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தேன். முதல் வரியும் கடைசி வரியும் ஒரே அளவா? ஸ்கேல் வைத்து அளந்தேன். கடைசி வரி கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. பயத்தில் வேண்டுமென்றே பெரிதாக எழுதியிருப்பேன். இதையெல்லாம் ஒரு சோதனை என்று எடுத்துக்கொள்ள முடியுமா? அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

அக்காவிடம் சொல்லிவிடலாமா என்று போனை எடுத்தேன். அதற்குள் அவளிடமிருந்தே ஒரு குரல் செய்தி. இப்போதெல்லாம் அவள் எழுதி அனுப்புவதே இல்லை, எல்லாம் பேசித்தான் அனுப்புகிறாள், மகாராணி. போன ஞாயிறு வந்தபோது பின்னறையிலிருந்து துணி எடுத்து மடித்துக் கொடுத்தது அவள்தானாம், என் நீலத் துண்டு அவள் பையோடு போய்விட்டதாம். அதைப் பேச நாலு நிமிஷம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சொல்லவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

நாற்பத்தெட்டு.

66.

இவர் கேக் வாங்கி வந்தார். அக்கா பை நிறையப் பொருளோடு வந்தாள். வருஷா வருஷம் என் பிறந்தநாளுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதித் தருவாள், பாதி கிண்டலும் பாதி பாசமுமாக. இந்த வருஷம் அச்சடித்த வாழ்த்து அட்டை மட்டும். கேட்டதற்கு, "சோம்பேறித்தனம்டி" என்றாள். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அதை ஈடுகட்டவோ என்னவோ, அவளுடைய பச்சைச் சட்டையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். பத்து வருஷமாக நான் கண்வைத்திருந்த சட்டை அது. முன்பக்கம் ஒன்பது பித்தான், எல்லாம் முத்து மாதிரி சின்னது. தனக்கு அலுத்துவிட்டதாம்.

அவள் போனதும் அதைப் போட்டுப் பார்த்தேன், கடிகாரத்தை வைத்துக்கொண்டு. ஒன்பது பித்தானுக்கு முப்பத்தொரு விநாடி. இது அதிகமா, குறைவா? யாரிடம் கேட்பது?

ஜனவரி 27, செவ்வாய்

வாத்தியார் விடவில்லை. வர முடியாவிட்டால் வாசிப்பதைப் பதிவு செய்தாவது அனுப்புங்கள் என்றார். பின்னறையில் உட்கார்ந்து 60 வைத்து வாசித்து அனுப்பினேன். விரல் வலிக்கிறது, அழுத்தினால் அழுந்த மாட்டேன் என்கிறது. ஒரு மணி நேரம் கழித்து, லேபில் இருக்கும்போது பதில் வந்தது. அப்படியே எழுதிவைக்கிறேன்:

"மேடம், ரெண்டு தடவை கேட்டேன். நரம்பு சரியில்ல. ரொம்ப நாளா கவனிக்காம விட்டிருக்கீங்க. தள்ளிப்போடாம உடனே காட்டிடுங்க."

கேட்டாலே தெரியுதா? அந்த அளவுக்கா?

லேப் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்னேன். கையைப் பாத்தேன். நடுங்குது. நல்லாவே நடுங்குது. அப்பா கை மாதிரியே இருக்கு. இவர்கிட்ட எப்படிச் சொல்றது? இந்தக் கையை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் ஊசி பிடிக்க முடியும்? எனக்குப் பித்தான் யார் போட்டுவிடுவா?

பிப்ரவரி 3, செவ்வாய்

நரம்பு டாக்டரிடம் போய்வந்தேன். இவருக்குத் தெரியாமல்.

டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கட்டைவிரலையும் ஆள்காட்டியையும் வேகமாகத் தட்டச் சொன்னார். சுருள் வரையச் சொன்னார். வராந்தாவில் நடந்து காட்டச் சொன்னார். ஒரு வரி எழுதச் சொன்னார். என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் திருகிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேபில் என்னிடம் வருகிறவர்களும் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று இன்றுதான் புரிந்தது.

இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார். நடுக்கம் பயத்தால்தானாம். அப்பாவுக்கு வந்தது பிள்ளைக்கு வந்தே தீரும் என்று இல்லை, வரவே வராது என்று யாரும் எழுதித் தரவும் முடியாது என்றார்.

நான் விடுவேனா? 92 அறுபதானதைச் சொன்னேன். இசை தெரிந்தவரே கண்டுபிடித்துவிட்டார் என்று போனை எடுத்து நீட்டினேன். டாக்டர் அந்தச் செய்தியைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்கிட்ட வர வேண்டிய கேஸ் இல்லம்மா. கிட்டாரை எடுத்துட்டுப் போய் அவர்கிட்டயே காட்டுங்க."

வாசலுக்கு வந்து ஆட்டோவுக்காக நின்றபோதுதான் உறைத்தது. பத்து மாதமாக அந்த மனுஷன் கம்பியை நரம்பு என்றுதான் சொல்கிறார். அதை வைத்து நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 7, சனி

கிட்டாருக்குத்தான் நோய்.

வாத்தியார் அதைக் கண்ணுக்கு நேரே துப்பாக்கி மாதிரி பிடித்துப் பார்த்தார். கழுத்து வளைந்திருக்கிறதாம், வயிற்றுப் பலகை உப்பியிருக்கிறதாம். கம்பிகள் மேலே ஏறிப்போய், துருவும் பிடித்திருக்கின்றன. இதை அழுத்த மல்யுத்தக்காரன் விரல் வேண்டும் என்றார். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். ஈரத்துணிகளுக்கு நடுவே, மூன்று மாதம் என்றேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

அவருடைய கிட்டாரைக் கையில் கொடுத்தார். 94 வந்தது. நான் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய் ஆறு நரம்பும் புதிதாக மாட்டித் தருகிறேன், கழுத்தையும் நிமிர்த்திவிடலாம், அழாதீர்கள் என்றார். பாவம், கிட்டாருக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இறங்கி வரும்போது சொன்னேன், ஏதாவது ஒரு பாட்டு கற்றுக்கொடுங்கள் என்று.

மார்ச் 8, ஞாயிறு

ஒரு வருஷம்.

நாற்பதிலிருந்து தொண்ணூற்றாறு. நாலு விரல் நுனியும் காய்த்துப்போய், சூடான டம்ளரைப் பிடித்தால்கூட உறைப்பதில்லை. ஒரு பாட்டு. வாத்தியாரே கட்டியது, விரல்களை மூன்றே விதமாக வைத்தால் போதும். மாலையில் இவருக்கும் அக்காவுக்கும் கூடத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் தடுக்கினேன், நிற்காமல் போனேன். இவர் கைதட்டிவிட்டு நண்டு கடைசியில் கரையேறிவிட்டது என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பயந்தது, எண்கள், வாத்தியாரின் செய்தி, நரம்பு டாக்டர். இவர் முதலில் திட்டினார், பிறகு கிட்டாரின் நோய்க்கு நான் நரம்பு டாக்டரிடம் போன கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

சமையலறையில் நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"அந்த டாக்டர் நம்பர் குடு."

யாருக்கு என்று கேட்டேன். வலது கையை என் முன்னால் நீட்டினாள். கட்டைவிரல், எதையோ உருட்டுவது மாதிரி, தானாக அசைந்துகொண்டிருந்தது. நான் ஈரக் கையோடு அதைப் பிடித்துக்கொண்டேன். பிடியைத் தளர்த்தியதும் மறுபடி ஆரம்பித்தது.

எப்போதிலிருந்து என்றேன். மழைக்கு முன்னாலிருந்தே என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"துணி எடுக்கப் போனப்ப பின்னறையில உன் நோட்டப் பார்த்தேன். அந்த நம்பரெல்லாம் எதுக்குன்னு எனக்குத் தெரியாதாடி? நீயே அவ்வளவு பயந்துட்டு இருந்தே. நானும் வந்து என்னத்தைச் சொல்றது?"

பச்சைச் சட்டை. ஒன்பது பித்தான். வாழ்த்து அட்டை. குரல் செய்தி. எல்லாமே என் மடியிலதான் வந்து விழுந்துச்சு. நான் கடிகாரத்தை வெச்சு என் கையை அளந்துக்கிட்டு இருந்தேன். தினமும் நாப்பது அம்பது பேர் கையைப் பிடிச்சு நரம்பு தேடற பொம்பளை நான். எங்க அக்கா கையை ஒரு தடவை பிடிச்சுப் பாக்கலையே.

மார்ச் 9, திங்கள்

காலையில் வாசிக்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். வியாழன் பத்தரை மணி. லேபில் விடுப்பு சொல்லியாயிற்று.

மார்ச் 12, வியாழன்

ஆம் என்றார் டாக்டர்.

அக்கா நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். சுருள் வரைந்த தாளைத் தானே மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான்தான் அடுத்து வர வேண்டிய தேதியை இரண்டு தடவை கேட்டேன். இந்தப் பயம் பழைய பயம் மாதிரி இல்லை. அதில் பாதி என்னைப் பற்றிய நாடகம். இதில் நான் செய்யக் கூடியது எதுவும் இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

மாத்திரை தொடங்கி ஒரு மாதம். காலையில் கொஞ்சம் தேவலை என்கிறாள். சாயங்காலம் அப்படிச் சொல்வதில்லை.

பத்து மணிக்கு வந்தாள். கூடத்தில், வெயில் விழும் இடத்தில் கிட்டார். அவள் மடியில் வைத்துக் கொடுத்தேன். எப்படிப் பிடிப்பது என்று என்னைத் திட்டிக்கொண்டே பிடித்தாள். ஒரே ஒரு நரம்பு, நாலு விரல். நாற்பது வேண்டாம் என்று முப்பது வைத்தேன். டக். டக். மூன்றாவது விரலில் நின்றுவிட்டாள். மறுபடி. மறுபடி. ஐந்தாவது தடவை சுண்டு விரல் வரை போய்ச் சேர்ந்தாள். கல்யாணக் கச்சேரிக்கு முன்பணம் வாங்கிவிடலாமா என்றாள்.

எண் எழுதும் நோட்டைக் கேட்டாள். என் எண்கள் தொண்ணூற்றாறோடு நிற்கிற பக்கத்தைத் திருப்பி, புதுப் பக்கம் எடுத்துக் கொடுத்தேன். நான் எழுதுகிறேன் என்றதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டாள். பேனாவைப் பிடிக்கவே நேரமாயிற்று. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் பெயர், தேதி, பக்கத்தில் 30.

போன பிறகு எடுத்துப் பார்த்தேன். எழுத்து ரொம்பச் சின்னதாக இருந்தது. படிக்க முடிந்தது.