அளவெடுத்துத் தைத்த விளம்பரம்

அன்புள்ள தம்பி,

"அக்கா, எனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு" என்று ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை வைத்துக்கொண்டு போனில் குதித்தாயே, எங்கள் கம்பெனிக்காக அந்த வேலை விளம்பரத்தை எழுதியவள் நான்தான். வெளிநாட்டிலிருந்து விசாவில் வந்து ஏற்கெனவே அந்த நாற்காலியில் இருக்கும் பவெலுக்கு அளவெடுத்துத் தைத்தது. ஒஹாயோவில் தகுதியான உள்ளூர்க்காரன், அதாவது உன்னைப் போல அமெரிக்கக் குடியுரிமை உள்ளவன், கிடைக்கவில்லை என்று காட்டினால்தான் அவனுக்கு இங்கே நிரந்தரமாகத் தங்க கிரீன் கார்டு. அவன் நல்லவன், அவன்மேல் கோபமில்லை.

உன் விண்ணப்பத்தைப் பார்த்து முதலாளி முகம் சுளித்தார்.

"உன் தம்பியா? எல்லாம் பொருந்தித் தொலையுதே. நீயே ஒரு குறை கண்டுபிடிச்சு எழுதிடும்மா, உனக்குத் தெரியாததா?"

உன்னிடம் ஒரு குறையும் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி பவெலுக்குக் கார்டு கிடைக்காது. உன்னை எடுத்தாக வேண்டும் என்றும் சட்டமில்லை.

நாளை முதல் என் நாற்காலி நிஜமாகவே காலி. அதற்கு மட்டும் விண்ணப்பித்துவிடாதே.

உன் அக்கா