ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்தது

ஜூன் 12, வியாழன்
காலையிலிருந்து சாரல். கம்பத்து ஸ்கூலுக்குப் போறப்ப, உத்தமபாளையம் தாண்டி, காரில் இன்ஜின் லைட். மஞ்சள். மெக்கானிக் முருகேசனுக்கு போன். "வண்டி ஓடும் டீச்சர். நாளைக்குக் கொண்டாங்க, ஓபிடியில ஸ்கேனர் மாட்டிப் பாத்துருவோம்."

அது என்ன ஓபிடி? மதியம் கார் புத்தகத்தைப் புரட்டினேன். ஸ்டியரிங்குக்கு அடியில் பதினாறு பின் சாக்கெட். வண்டிக்கு என்ன கோளாறுன்னு அதுவழியா தெரியுமாம். குனிஞ்சு பார்த்தா, அதில் ஏற்கெனவே ஏதோ செருகியிருக்கு. தீப்பெட்டி அளவு. சாவி என் கையில். ஆனாலும் பச்சையா மினுக்குது.

தயிர் வாங்கணும். 10-பி நோட்டு திருத்தல.

ஜூன் 13, வெள்ளி
அதைக் கழட்டினதும் முருகேசன் முகம் மாறிருச்சு.

"ஜிபிஎஸ் டீச்சர். வண்டி எங்கன நிக்குதுன்னு மாட்டுனவக போன்ல காட்டும். கழட்டுனாலும் காட்டிரும்."

"சாவி போடாமலே எரியுதே?"

"இந்த சாக்கெட்டுல ஒரு பின்னுக்கு பேட்டரியில இருந்து நேரா கரண்ட். வண்டி நின்னாலும் இது தூங்காது."

"யாரு மாட்டுனது?"

"சார்தான் மாட்டச் சொன்னாக. மாசியில. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

சொல்லி முடிக்கல, அவன் போன் அடிச்சது. என் வீட்டுக்காரர். "எதுக்குக் கழட்டுன?" குரல் எனக்கே கேட்டது. "ஸ்கேன் பண்ணத்தான் சார்." நான் நிக்கிறதை அவன் சொல்லல.

லைட்டுக்குக் காரணம் ஏதோ சென்சார். மாத்தியாச்சு.

மாசி. பங்குனியில்தான் அண்ணன் ஆள்களோட லோயர் கேம்ப் போய் செல்வி வீட்டுக் கதவை உடைச்சான். வேற சாதியில் கட்டிக்கிட்ட தங்கச்சி. வீடு எங்கன்னு எங்க குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஸ்பெஷல் கிளாஸ்னு இவர்ட்ட சொல்லிட்டுப் போவேன். "நீதாக்கா காட்டிக் கொடுத்த"ன்னா. அதோட குமுளிக்கு வீடு மாறிட்டாக. என் போனை எடுக்கிறதில்ல. இத்தனை நாள் அவ தெருக்காரங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன். வழி காட்டுனது என் கார்.

ஜூன் 14, சனி
பேய்க்காத்து. சட்னி தீஞ்சுபோச்சு. இவரிடம் கேட்டுட்டேன்.

"உன் சேஃப்டிக்குத்தான்."

"அண்ணன்ட்ட அவ வீட்டைச் சொன்னதும் சேஃப்டிக்கா?"

"மச்சான் கேட்டாக, சொன்னேன். மறைச்சு மறைச்சுப் போனது யாரு?"

இட்லியை முழுசா சாப்பிட்டுத்தான் எழுந்தார்.

ஜூன் 15, ஞாயிறு
காரைத் தொடல. குமுளிக்கு பஸ். செல்வி வீட்டுக்காரர் வேலை பார்க்கிற ஏலக்காய்க் கடை தெரியும். அங்க போய் நின்னேன். அவர்தான் போன் போட்டு அவளை வரச் சொன்னார். வந்தா. இளைச்சுட்டா. கடை வாசல்ல நின்னபடியே எல்லாம் சொன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. "உன்னைப் போய் சந்தேகப்பட்டேனேக்கா."

வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டேன்.

கையை விட்டுட்டா.

"வேணாம்க்கா. கார்ல இருந்தது தெரிஞ்சுபோச்சு. உன் போன்ல என்ன வச்சிருக்காகளோ."