வெள்ளைத் தேரை லில்லி

அன்புள்ள அம்மாவுக்கு,

இருமல் நின்றதா? நிழல் தோட்டத்திலேயே கிடந்து நானும் பாதித் தேரையாகிவிட்டேன்.

முதலாளி குராத்தா ஐயா தினமும் வருகைப்பதிவு எடுப்பதுபோல் தேரைத் தோல்போல் புள்ளி விழும் தேரை லில்லிச் செடிகளின் பெயர் வாசிப்பார். வசந்தத்தில் குறும்புக்கு இரண்டு தொட்டிகளின் பெயர்ப்பட்டைகளை மாற்றினேன். திருப்பி மாற்ற மறந்தேன். பூக்கும்வரை எல்லாம் ஒரே புள்ளி இலைதான். பட்டையை நம்பியவர், மறைந்த மனைவி உருவாக்கிய ஒரே வெள்ளையைச் சாதாரணச் செடியென்று நினைத்து, காரில் வந்த கோயில் யாத்ரீகருக்கு இந்த ஊர் வழக்கப்படி தானமாகக் கொடுத்துவிட்டார்.

நேற்று, வெள்ளையின் பட்டையோடு மிஞ்சிய தொட்டியில் ஊதா பூத்தது.

"குளிருல நிறம் மாறிடுச்சுடா ரியோஹே. அடுத்த வருஷம் வெள்ளையா வந்துடும், பாரு," என்றபடி அதையே மனைவியின் படத்துக்கு முன் வைத்தார்.

"ஆமாங்க," என்றேன்.

கம்பளிக் கையுறை அனுப்பு. முடிந்தால் நீயே கொண்டு வா. கூப்பிடுகிறார், போகிறேன்.

ரியோஹே