சட்டையில் குத்தின சீட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முட்டிவலி இப்ப எப்படி இருக்கு? மாடிப்படி ஏறாதேன்னு சொன்னா கேக்கவா போற.

போன ஞாயித்துக்கிழமை ஒரு ஓட்டப் போட்டியில இருபத்தோரு கிலோமீட்டர் ஓடினேன். வழி முழுக்க மேடும் பள்ளமும்தான். "நாள் பூரா லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவனுக்கு, லீவு நாள்ல மலை ஏறணும்னு என்ன தலையெழுத்து?"ன்னு நீ கேக்குறது எனக்குக் காதுல விழுது. ரூம்ல சும்மா உக்காந்திருக்க முடியலம்மா, அவ்வளவுதான்.

கடைசி இறக்கத்துல சறுக்கி விழுந்துட்டேன். பதறாதே, முட்டியில சிராய்ப்புதான். மருந்து போட வந்த நர்ஸம்மா என் சட்டையில குத்தியிருந்த, ஓடுறவங்களுக்குக் குடுக்குற நம்பர் சீட்டைத் திருப்பிப் பாத்தாங்க. ஏதாவது ஆனா யாருக்குச் சொல்லணுமோ அவங்க போன் நம்பரை அதுக்குப் பின்னால எழுதணும். அந்த நம்பருக்கு அவங்க போன் போட்டா, என் பாக்கெட்டுல மணி அடிக்குது! உள்ளூர் நம்பர்தான் எழுதணும்னு போட்டி நடத்துறவங்க சொல்லியிருந்தாங்க, யாரையும் தெரியாத இந்த ஊர்ல என் நம்பரை விட்டா நான் யார் நம்பரை எழுதுவேன்? ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்புறம் அந்தம்மா சிரிப்பை நிறுத்திட்டு, ஓட்டம் முடியிற கோடு வரைக்கும் என் கூடவே நடந்து வந்தாங்க.

நீ முட்டிக்கு மாட்டுற நீலப் பட்டை மாதிரி ஒண்ணு அனுப்பு. புதுசு வேண்டாம், உன்னோட பழசே போதும்.

வேலைக்குப் போற வேன் வந்து ஹாரன் அடிக்குது. அடுத்த மாசம் இன்னொரு ஓட்டம் இருக்கு. யார் என்ன சொன்னாலும் சரி, இந்தத் தடவை உன் நம்பரைத்தான் எழுதப் போறேன். தெரியாத நம்பர்னு கட் பண்ணிடாதே, எடும்மா.

உன் மகன்