மாதிரிக்கு நிறுத்திய தாய் நாய்

அனுப்புநர்
சி. வீரையன்,
தவிடு, உமி வியாபாரம்,
கடைத்தெரு, அய்யம்பேட்டை.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: பதிவின்றி நாய்க்குட்டி உற்பத்தி செய்து விற்கும் கொட்டகையை முன்தகவலின்றிச் சோதனையிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கோழிப்பண்ணைக்கு என்று ஒருவர் என்னிடம் உமி வாங்கி வந்தார். அவர் திருப்பி அனுப்பும் காலிச் சாக்கில் இறகு இருக்காது, நாய் முடிதான் இருக்கும். பணம் ஒழுங்காக வந்ததால் நானும் கேட்கவில்லை.

2. என் மகள் குந்தவை லாப்ரடார் குட்டி கேட்டாள். விளம்பரத்தைப் பார்த்துப் போனால் அதே ஆள். தாயைக் காட்டச் சொன்னேன். குளிப்பாட்டிய நாய் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். மடியில் பால் கட்டிய அடையாளமே இல்லை. குட்டியும் அதனிடம் போகவில்லை. கேட்டதற்கு, "உமி பாக்குற கண்ணால நாயைப் பாக்காதீங்கண்ணே" என்று சிரித்தார். மூட்டையின் வாயில் நல்ல சரக்கு, அடியில் மட்டம் என்பது எனக்குப் புதிதல்ல. வாங்காமல் வந்துவிட்டேன். குந்தவை இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

3. அடுத்த உமி லோடில் நானே ஏறிப் போனேன். கொட்டகையில் கூண்டின்மேல் கூண்டு. உண்மையில் குட்டி ஈனும் தாய் நாய் அங்கே கிடந்தது. கம்பியில் நின்று நின்று பாதமெல்லாம் புண். கண் திறக்காத குட்டிகள் மடியில். அந்நிய ஆள் நிற்பதைக் கண்டும் அது குரைக்கவில்லை.

4. உரிய இடத்தில் மனுக் கொடுத்தேன். அதிகாரிகள் சோதனைக்குப் போனபோது அங்கே ஆடுகள் கட்டப்பட்டிருந்தன. அன்று மாலையே அவர் போனில், "இனிமே உமி வேணாம்ணே, நம்ம ஆளுன்னு நெனச்சேன்" என்றார். என் பெயர் அந்த மனுவைத் தவிர வேறெங்கும் இல்லை.

5. உமி பரப்பாமல் அத்தனை நாய்களை அடைத்துவைத்தால் ஊரே நாறும். ஆகவே வேறு கடைக்குப் போவார் என்று காத்திருந்தேன். சக வியாபாரி சலாஹுதீன் கடையில் புதிதாக ஒரு கோழிப்பண்ணை உமி எடுக்கிறது. திரும்பி வந்த சாக்கை உதறினேன். அதே முடி. அந்த லோடு இறங்கும் புது இடத்தையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

6. எனவே கால்நடை மருத்துவரோடு சென்று, அந்தத் தாய் நாயை உயிரோடு மீட்டு, பதிவுச் சான்று கேட்டு நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். தாயிடம் பால் குடிப்பதைக் கண்ணால் பார்க்காமல் குட்டி வாங்க வேண்டாம் என்று மக்களுக்கும் அறிவிக்க வேண்டும்.

7. அவர் பெயரையும் புது இடத்தையும் இதில் எழுதவில்லை. தாங்கள் பொறுத்தருள வேண்டும். வண்டி என் கடை வாசலுக்கு வரட்டும். ஏறி உட்கார்ந்த பிறகு வழி சொல்கிறேன்.

தங்கள் வண்டியை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) சி. வீரையன்

இடம்: அய்யம்பேட்டை
நாள்: 17.02.2025