கசந்த விபூதி

எம்மன்புரூக்கே, சுவிஸ்
17.09.2006

அன்புத் தம்பி பத்மநாதனுக்கு,

சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டி ஒரு மாதமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் எடுத்தால் செத்துக் கிடக்கிறது. மல்லிகாவின் வலிப்புக்குக் குளிசை இருக்கிறதா? அதை முதலில் எழுது. உனக்கு நான் பார்த்துக் கட்டி வைத்த பெண், எனக்குக் கவலை இராதா?

உன் மருமகள் சரணியா வகுப்பில் சிலுவைப் போரைப் பற்றிப் பேச வேண்டுமாம். ஜெருசலேமுக்காக இரண்டு நூற்றாண்டு அடிபட்டும் கிழக்கிலிருந்து மிளகு வந்துகொண்டே இருந்ததாம். எதிரிக்கு மரமும் இரும்பும் விற்காதே என்று பாப்பரசர் தடுத்தும் வெனிஸ்காரர் களவாக விற்றார்களாம். "கடைக்கார மாமாட்டைக் கேளுங்கோ, அது எப்பிடி ஏலும் எண்டு," என்கிறாள்.

உன் அக்கா,
சிவமலர்

சுன்னாகம்,
22.10.2006

அன்பு அக்காவுக்கு,

மருமகளுக்குச் சொல்லுங்கள்: சண்டையில் வியாபாரம் நிற்காது, கை மாறும். பாதை திறந்திருந்தபோது நான் லொறியில் சாமான் எடுத்தேன். இப்போது கப்பலில் இடம் பிடிக்கத் தெரிந்தவன் முதலாளி. என் கடையில் சீனி இல்லை, மா இல்லை. மிளகு மட்டும் கிடக்கிறது, வெனிஸ்காரரை வரச் சொல்லுங்கள்.

மல்லிகாவின் குளிசை முடிந்துவிட்டது. பாமசிகளிலும் இல்லை. இடையில் நீங்கள் குளிசை வைத்து அனுப்பிய கடிதம் வந்தது, உறையைப் பிரித்து ஒட்டியிருந்தார்கள், உள்ளே குளிசை இல்லை. பக்கத்து வீட்டு இராசம்மாவுக்குக் கனடாவிலிருந்து வந்த கோயில் விபூதி மட்டும் பத்திரமாக வந்திருக்கிறது. பிரிக்கிறவர்களுக்குச் சாமியிடம் பயம் போல.

தம்பி,
பத்மநாதன்

எம்மன்புரூக்கே,
12.11.2006

அன்புத் தம்பிக்கு,

இதோடு இங்கத்தைக் கோயில் விபூதி வைத்திருக்கிறேன். மல்லிகாவுக்கு மட்டும். காலையும் மாலையும் ஒரு சிட்டிகை வாயில் போடு, தவறவிடாதே.

சரணியாவுக்கு ஆறுக்கு ஐந்தரை கிடைத்தது. யாத்திரிகரை ஏற்றிப்போன கப்பல்களே மிளகும் கொண்டு வந்தன என்று பேசினாளாம். அதை நீயும் யோசித்துப் பார்.

அக்கா,
சிவமலர்

சுன்னாகம்,
21.01.2007

அன்பு அக்காவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மல்லிகா தைப்பொங்கலுக்கு மறுநாள் போய்விட்டாள். விடியத் தொடங்கிய வலிப்பு நிற்கவேயில்லை. பிடித்துக்கொண்டு இருந்தேன், வேறென்ன செய்ய?

உங்கள் விபூதி அவளுக்குப் பெரிய ஆறுதல். முதல்நாள் நாக்கில் வைத்ததும், "கைக்குதப்பா, சரியான கசப்பு, நெத்தியிலை பூசிவிடுங்கோ, அது காணும்," என்றாள். அப்படியே பூசினேன். இராசம்மாவுக்கும் கொஞ்சம் கொடுத்தேன். மிச்சமெல்லாம் பூசித்தான் அவளை அனுப்பினோம்.

முடிந்தால் இன்னும் கொஞ்சம் அனுப்புங்கள். பூசினால் அவள் பக்கத்தில் இருப்பது போல இருக்கிறது.

பத்மநாதன்

எம்மன்புரூக்கே,
18.02.2007

தம்பி,

அது விபூதி இல்லையடா. மல்லிகாவின் குளிசை. டொக்டரிடம் கெஞ்சி வாங்கி, குசினியில் இடித்து, கோயில் பொட்டலத்தில் மடித்தேன். பிரித்துப் பார்ப்பார்கள் என்று உனக்கு வெளிச்சமாக எழுதவும் பயம். கப்பல் கதையில் விளங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். விபூதி என்றால் நெற்றிக்குத்தானே போகும், அது எனக்குத் தெரியாதா?

சரணியா கேட்கிறாள், "மாமிக்கு இப்ப சுகமோ?" "ஓம்" என்றேன்.

இதை நான் தபாலில் போடப் போவதில்லை. இதைத் தெரிந்துகொண்டு நீ அந்த வீட்டில் எப்படி இருப்பாய்? நாளைக்கு வேறு கடிதம் போடுகிறேன். அதில் நீ கேட்ட விபூதி இருக்கும், கோயிலில் வாங்கியது. அது கசக்காது.

அக்கா